பேசாதவளுக்கு ஒரு தொலைபேசி

சென்ற பங்குனி மாதத்தில் ஒருநாள், நிலம் வெளிக்குமுன், என் தலைமாட்டிலிருந்த கைத்தொலைபேசி ஒலித்தது. அந்த நேரத்தில் வருவது நல்ல செய்தியாக இராது என்பது எங்கள் தலைமுறையின் நெஞ்சில் ஊறிப்போன எண்ணம். தந்திச் சேவகன் படலையில் வந்து நின்றாலே, உறையைப் பிரிக்கப் பொறாமல் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிடும் வீடுகளிலே வளர்ந்தவர்கள் நாம். ரொறன்ரோவிலிருந்து என் தமக்கையின் மகன் பேசினான். இங்கே காலை ஐந்து மணி. அங்கே முதல்நாள் மாலை ஏழரை.

"மாமா, ரெண்டு நாளா அம்மாவுக்கு எடுக்கிறன். அந்த இலக்கம் பாவனையிலை இல்லையெண்டு ஒரு பெண்பிள்ளை மூண்டு பாசையிலையும் சொல்லுறாள். அம்மாவுக்கு ஒண்டுமில்லையே?"

ஒன்றும் இராது என்று அவனுக்குச் சொன்னேன். எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அக்காவுக்கு வயது 79. அத்தான் காலமான பின்னர் காரைநகரில் அந்தப் பெரிய வீட்டில் தனியே இருக்கிறாள். நான் இருப்பது வட்டுக்கோட்டையில். துவிச்சக்கரவண்டியை எடுத்துக்கொண்டு பொன்னாலைப் பாலத்தைக் கடந்தபோது, எதிர்க்காற்று என்னைப் பின்னே தள்ளியது. என்றும் நின்று பார்க்கத் தூண்டும் அந்தக் கடல்நீரேரியும் கொக்குகளும் அன்று என் கண்ணில் படவேயில்லை.

அக்கா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் ஈர்க்குமாற்றை நிலத்தில் தட்டிவிட்டு, "என்ன தம்பி, ஆருக்கேன் ஏதேனும்?" என்று கேட்டாள். அவள் எனக்காகப் பயந்தாள். நான் அவளுக்காகப் பயந்து வந்திருந்தேன். இருவர் பயத்துக்கும் காரணமான கருவி சுவாமியறையிலே, தூசு படாமல் ஒரு பொலித்தீன் உறைக்குள் மின்னேற்றம் நிறைந்து கிடந்தது. எடுத்து எண்களை அழுத்திப் பார்த்தேன். அழைப்புப் போகவில்லை. இருப்பைப் பார்த்தால் 340 ரூபாவும் சில சதங்களும் இருந்தன.

"காசு கிடக்குது தானே? நான் ஆரோடை கதைச்சு முடிச்சனான்?" என்றாள் அக்கா.

அவளுடைய கேள்வியில் நியாயம் இருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கணிதமும் தமிழும் படிப்பித்த எனக்கும் அதற்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பெட்டகத்தில் நெல் நிறைந்திருக்கத் திறப்பு வேறொருவன் கையில் இருக்கின்றது என்ற உண்மை, சந்தியிலுள்ள தொலைபேசிக் கடையில் ஒரு பையன் விளக்கிய பின்னரே எனக்கு வெளித்தது.

முற்பணம் செலுத்தும் இணைப்பில் இரண்டு கணக்குகள் உள. ஒன்று காசின் கணக்கு. மற்றது நாளின் கணக்கு. நாம் மீள்நிரப்பும் ஒவ்வொரு தொகையும் இவ்வளவு நாளைக்கு என்று ஒரு செல்லுபடிக் காலத்தையும் தன்னோடு கொண்டுவருகின்றது. சிறிய தொகைக்குச் சில நாள்; பெரிய தொகைக்குக் கூடிய நாள். காசு தீர்ந்தால் பேச முடியாது என்பதை எல்லாரும் அறிவர். நாள் தீர்ந்தால் காசு இருந்தும் பேச முடியாது என்பதைப் பேசிப் பழகியவர்கள் அறிய வேண்டிய தேவையே வருவதில்லை. அவர்களுக்குக் காசு முந்தித் தீர்ந்துவிடும். அக்காவைப் போன்றவர்களுக்கு நாள் முந்தித் தீர்கின்றது. முதலில் வெளியே அழைக்கும் உரிமை நிற்கும். அவள் வெளியே அழைப்பதில்லை. ஆகவே அது நின்றதே அவளுக்குத் தெரியாது. பின்னர் உள்ளே வரும் அழைப்புகளும் நிற்கும். அதற்கும் பிந்தினால் இலக்கமே கையைவிட்டுப் போய், காலப்போக்கில் வேறொருவருக்கு வழங்கப்படும். இடையிலே எச்சரிக்கைச் செய்திகள் வந்துதான் இருந்தன. அவையெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. விளம்பரமாக்கும் என்று அவள் உறையைத் திறக்கவேயில்லை.

அத்தான் இருந்தவரை இந்தத் தொல்லை இருக்கவில்லை. அவர் மாதம் ஒருமுறை மின்சாரக் கட்டணம் செலுத்தப் போகும்போது, நூறு ரூபாவுக்கு நிரப்பிக்கொண்டு வருவார். அவர் செய்த எத்தனையோ சிறு காரியங்களுள் இதுவும் ஒன்று. ஆள் போன பின்னரே அது ஒரு காரியமாகத் தெரிந்தது.

கடைக்காரப் பையன் கெட்டிக்காரன், நல்லவனுங்கூட. "சேர், இதை விட்டிட்டு ஒரு பக்கேஜ் போடுங்கோ. மாசம் முழுக்க எந்த நெற்வேர்க்குக்கும் கதைக்கலாம், டேற்றாவும் இருக்கு" என்றான். அவன் காட்டிய பட்டியலைப் படித்தேன். அளவில்லாத பேச்சு, இத்தனை ஜீ.பி., இரவுக்கென்று வேறாக ஒரு தொகை, முகநூலுக்கென்று இன்னொன்று. அத்தனையும் வாயாடிகளுக்கு விரித்த பந்தி. மூன்று பிடி சோறு உண்ணும் கிழவியைக் கொண்டுபோய் அந்தப் பந்தியில் இருத்தி, முழு இலைக்கும் காசு கேட்பது போலிருந்தது எனக்கு. "ஒரு மாதம் பொறு தம்பி" என்று சொல்லி, அப்போதைக்கு ஒரு சிறு தொகையை நிரப்பச் சொன்னேன்.

அங்கேதான் அடுத்த முடிச்சு வந்தது. சிம் அட்டை அத்தானின் பெயரில் பதிவாகியிருந்தது. நின்றுபோன இலக்கத்தை மீண்டும் உயிர்ப்பிக்க உரிமையாளர் அடையாள அட்டையுடன் வரவேண்டும் என்றார்கள். உரிமையாளர் எங்கே வருவது! புதிய இலக்கம் ஒன்று வாங்கினால் ஐந்து நிமிடத்தில் அலுவல் முடியும் என்று பையன் சொன்னான். உண்மைதான். ஆனால் அந்த இலக்கம் அத்தானுடையது. கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகளின் மனத்தில் எழுதியது; கோயில் உபயகாரர் கொப்பியில் ஏறியது; குசினிச் சுவரில் அத்தானின் கையெழுத்திலேயே கரிக்கட்டியால் எழுதியது. அக்கா அதிகம் பேசவில்லை. "உதை ஆருக்கேன் குடுத்து, அவர் எடுத்து 'ஹலோ' எண்டால் பிள்ளையள் என்ன செய்யுங்கள்?" என்று மட்டும் கேட்டாள். மரண அத்தாட்சிப் பத்திரம், அவளுடைய அடையாள அட்டை, ஒரு கடிதம் ஆகியவற்றோடு இரண்டுமுறை யாழ்ப்பாணம் போய் வந்தோம். முதன்முறை போனபோது மூலப்பிரதி வேண்டுமென்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை இலக்கம் அவள் பெயருக்கு மாறியது. வீட்டில் எவருடைய பெயரில் இணைப்பு இருக்கின்றது என்பதை, அவர் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுதல் நன்று.

அதன் பின்னர் ஒரு கொப்பியை வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். ஒரு மாதத்துக்கு, தான் எடுக்கும் அழைப்பு, தனக்கு வரும் அழைப்பு யாவற்றையும் கோடிட்டுக் குறிக்கும்படி சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல ஒழுங்காகக் குறித்தாள். மாத முடிவில் பார்த்தால், அவள் எடுத்த அழைப்புகள் 9. பேசிய நேரம் மொத்தம் 14 நிமிடம். வந்த அழைப்புகள் 41. அந்த இரண்டு எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோதுதான், கடைக்காரப் பையனும் நானும் கேட்கவேண்டிய கேள்வியை விட்டு வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்தது. "நிமிடம் என்ன விலை?" என்று கேட்டோம். அவள் வாங்குவது நிமிடங்களை அல்ல. பிறர் தன்னைக் கூப்பிட்டால் மணி அடிக்கும் என்ற உறுதியை வாங்குகிறாள். உள்வரும் அழைப்புக்கு நம் நாட்டில் இன்று கட்டணம் இல்லை. (தொண்ணூறுகளிலே கைத்தொலைபேசி வைத்திருந்தவர்கள், பேசியதற்கும் கொடுத்து, கேட்டதற்கும் கொடுத்தார்கள்.) ஆகவே அவளைப் பொறுத்தவரை, மிகக் குறைந்த செலவில் மிக நீண்ட நாள் இலக்கத்தை உயிரோடு வைத்திருப்பது எது என்பதே கேள்வி.

கணக்கை இப்படிப் போட்டேன். எண்களை விளக்கத்துக்காக முழுமையாக்கியிருக்கிறேன். கட்டணப் பட்டியல் அடிக்கடி மாறுவது. நிமிடத்துக்கு வரியோடு 4 ரூபா என்று வைத்துக்கொண்டால், 14 நிமிடத்துக்கு 56 ரூபா. பக்கேஜ் ஒன்றின் மாத விலை 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், அதே 14 நிமிடத்தில் ஒவ்வொன்றும் 21 ரூபாவுக்கு மேல் விழுகின்றது. 'அளவில்லாத பேச்சு' என்பது அளவோடு பேசுபவருக்கு ஐந்து மடங்கு விலை. இனி, நூறு ரூபா நிரப்பினால் ஒரு மாதம் செல்லும் என்று கொண்டால், ஆண்டுக்கு 1200 ரூபா போடவேண்டும். அவள் பேசுவது 672 ரூபாவுக்கு. மிகுதி 528 ரூபா இருப்பில் சேர்ந்துகொண்டே போகும். அது செலவல்ல என்று சொல்லுவார்கள். ஆண்டுதோறும் கூடுவதும் என்றும் எடுக்க முடியாததுமான பணத்தைச் செலவென்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? எனவே, ஒரே தொகைக்குக் கூடிய நாள் தரும் நிறுவனம், நிமிடத்துக்கு ஒரு ரூபா கூட வாங்கினாலும், அவளுக்கு மலிவானது. அவள் பேசும் 14 நிமிடத்துக்கு அந்த ஒரு ரூபா 14 ரூபாதான்.

இதைச் சொன்னபோது நண்பரொருவர், அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், மாதக் கட்டண இணைப்பைப் பரிந்துரைத்தார். பிற்பாடு பணம் கட்டும் அந்த முறையில் நாட்கணக்கு என்ற தொல்லை இல்லை. பட்டியல் வரும், கட்டினால் சரி. பேசாத மாதத்திலும் வாடகை உண்டு என்பதும், கட்ட மறந்தால் அதுவும் நிற்கும் என்பதும் அதன் குறைகள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்தே கட்டிவிடக் கூடியவர்களாயின், குறைந்த வாடகையுள்ள மாதக் கட்டணம் தள்ளிவிடக் கூடியதன்று. அக்கா தள்ளிவிட்டாள். மாதாமாதம் கடன்காரியாக இருக்க அவளுக்கு விருப்பமில்லை.

விலைப் பட்டியலைப் படிப்பதிலும் ஒரு சூக்குமம் உண்டு. அழைப்பை விநாடிக் கணக்கில் அளக்கிறார்களா, நிமிடக் கணக்கில் அளக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். அக்காவின் 9 அழைப்புகள் விநாடிக் கணக்கில் 14 நிமிடம்; ஒவ்வொன்றையும் முழு நிமிடமாகக் கூட்டினால் 18. சுருக்கமாகப் பேசுபவர்களே இதனால் கூடுதலாக இழப்பவர்கள். அடுத்தது வரி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள விலைக்குக் கீழே 'வரி நீங்கலாக' என்று எறும்பளவு எழுத்தில் இருந்தால், பெறுமதி சேர் வரியும் தொலைத்தொடர்பு வரியும் அதன்மேல் ஏறும். பெறுமதி சேர் வரி மட்டுமே 2024 தை மாதத்திலிருந்து 18 வீதமாயிற்று. அதற்கு முன்னர், பொருளாதாரம் சரிந்த 2022 ஆம் ஆண்டின் செப்டெம்பரில், தொலைபேசிக் கட்டணங்களே 20 வீதம் உயர்ந்தன. ஓய்வூதியத்தில் சீவிப்பவர்களுக்கு இவை மறக்கக்கூடிய எண்களல்ல.

எந்த நிறுவனம் என்பது பிறகு வந்த கேள்வி. 1989 இல் செல்ரெல் நிறுவனம் இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது, தென்னாசியாவிலேயே அது முதலாவதாக இருந்தது. யாழ்ப்பாணத்தவருக்கோ 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பின்னரே அது கைக்கெட்டியது. அதுவரை ஒரு குரலைக் கேட்பதற்காக மணித்தியாலக் கணக்கில் வரிசையில் நின்றவர்கள் எங்களுள் எத்தனை பேர்! 2009 இல் ஐந்து நிறுவனங்கள் போட்டியிட்டன. 2018 இல் எதிசலாற் ஹட்ச்சுடன் சேர்ந்தது. 2024 இல் ஏயர்ரெல் டயலொக்குடன் சேர்ந்தது. இப்போது டயலொக், மொபிற்றெல், ஹட்ச் என மூன்று. போட்டி குறைந்தால் பேசாதவர்களைப் பற்றி யார் நினைப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

மூன்றில் எது நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. யாழ் நகரில் நன்றாய் எடுக்கும் இணைப்பு காரைநகரின் ஒரு வளவில் எடுக்காமற் போகலாம். எனவே அயலிலே மூன்று வீட்டாரிடம் மூன்று தொலைபேசிகளைக் கடன்வாங்கிக்கொண்டு வந்து, அக்காவின் வீட்டில் அறை அறையாக நடந்தேன். கிணற்றடி, மாட்டுக்கொட்டில், அடுப்படி, அவள் படுக்கும் விறாந்தை. ஒன்று முற்றத்தில் முழக்கமாகக் கேட்டு, விறாந்தைக்கு வந்ததும் ஊமையாயிற்று. அந்த வீட்டின் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்து இட்டுக் கட்டிய முழங்கையளவு தடிப்பானவை. பகலில் முற்றத்தில் எடுக்கும் தொலைபேசி இரவில் விழுந்து கிடப்பவளுக்கு எதற்கு? ஆபத்து வேளைக்குரிய 1990 என்ற 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை, 2016 இல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கி, 2018 ஆடி மாதத்தில் வடக்குக்கும் வந்தது. அழைப்புக்கும் பணமில்லை, வண்டிக்கும் பணமில்லை. படுக்கையிலிருந்தே அந்த நான்கு எண்கள் போய்ச் சேரவேண்டும் என்பதை நான் முதல் நிபந்தனையாக வைத்தேன். மலிவு அதற்குப் பிறகுதான்.

பழைய நிறுவனத்தின் இணைப்பே விறாந்தையில் தெளிவாக எடுத்தது. அத்தான் இதையெல்லாம் என்றோ சோதித்துத்தான் வாங்கியிருப்பார் போலும். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று வீட்டுப் படலை ஏறியிருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு இன்னொரு விருப்பம் இருந்தது. தொடுதிரைத் தொலைபேசியொன்று வாங்கிக் கொடுத்தால் தாயின் முகத்தைப் பார்த்துப் பேசலாமே என்றார்கள். ஆசை நியாயமானது. ஆனால் அதற்கு மாதந்தோறும் டேற்றா வேண்டும். நாள்தோறும் மின்னேற்ற வேண்டும். நழுவும் கண்ணாடியில் விரலை எங்கே வைப்பது என்று தெரியவேண்டும். அக்காவின் பொத்தான் தொலைபேசி ஒருமுறை மின்னேற்றினால் பல நாள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் தொலைபேசியைக் கொண்டுவந்து முகம் காட்டுகிறாள். அதற்கு டேற்றாவுக்கென்று அக்கா காசு கொடுத்தால் வாங்குவதில்லை. முருங்கைக்காய் கொடுத்தால் வாங்குகிறாள்.

எல்லாம் ஒழுங்காயிற்று என்றிருக்க, இரண்டாம் மாதம் இருப்பில் நாளுக்குச் சில ரூபா கரைந்துகொண்டு போவதைக் கொப்பி காட்டிக்கொடுத்தது. அக்கா அழைக்கவில்லை, காசு போகின்றது. விசாரித்தால், அன்றாட இராசிபலன் அனுப்பும் சேவையொன்றில் அவள் சேர்ந்திருக்கிறாளாம்! திரையில் ஏதோ தோன்றியபோது அதைப் போக்குவதற்காக ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அதையே சம்மதமாகக் கொண்டுவிட்டார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து அதை நிறுத்தி, அத்தகைய சேவை எதுவும் இந்த இலக்கத்தில் இனிமேல் சேரவேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன். பேசாதவர்களின் பணத்தை உண்ணும் கறையான் இது. வயது முதிர்ந்தவர்களின் தொலைபேசியை வைத்திருப்போர் மாதத்துக்கு ஒருமுறையேனும் இருப்பைப் பார்க்கவேண்டும். கொப்பி இல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திராது. "என்ரை பலன் என்னவாம்?" என்று அக்கா கேட்டதற்கு, "வீண்விரயம்" என்றேன். சிரித்தாள்.

இப்போது ஒழுங்கு இதுதான். பக்கேஜ் இல்லை, அடிப்படைக் கட்டணம். செல்லுபடிக் காலம் முடியும் திகதியைக் குசினிச் சுவரில், அத்தானின் கரிக்கட்டி எழுத்துக்குக் கீழே தொங்கும் கலண்டரில், சிவப்பு வட்டமிட்டுக் குறித்திருக்கிறோம். வட்டத்துக்கு ஐந்து நாள் முன்னதாக நான் வட்டுக்கோட்டைச் சந்தியிலிருந்தே அவள் இலக்கத்துக்கு நிரப்பிவிடுகிறேன். நான் மறந்தால் நினைவூட்டும்படி மருமகனிடமும் அதே திகதியைச் சொல்லியிருக்கிறேன். அவன் கணினியில் குறித்து வைத்திருக்கிறானாம். இருப்பில் சேரும் காசை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. "கதையுங்கோவன், அக்கா. எடுத்துக் கதையுங்கோ. காசு வீணாய்க் கிடக்குது" என்று பலமுறை சொல்லிவிட்டேன். "கதைக்க என்ன கிடக்குது?" என்பாள்.

கார்த்திகை மாத மழையில் ஓர் இரவு, எட்டு மணி இருக்கும், என் தொலைபேசி ஒலித்தது. அத்தானின் இலக்கம். திடுக்கிட்டுத்தான் எடுத்தேன்.

"ஒண்டுமில்லைத் தம்பி. இஞ்சை நல்ல மழை. அங்கையும் பெய்யுதோ எண்டு கேப்பமெண்டு எடுத்தனான்."

பெய்கிறது என்றேன். கிணறு எவ்வளவுக்கு வந்திருக்கிறது என்று கேட்டாள், சொன்னேன். தன் கிணற்றில் இரண்டு படி மேலே வந்திருப்பதாகச் சொன்னாள். பின்னர் ஓட்டிலே மழை விழும் ஓசை மட்டும் சிறிது நேரம் கேட்டது. "சரி, காசு போகுது, வைக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த முறை போனபோது கொப்பியைப் புரட்டினேன். அந்தத் திகதிக்கு நேரே, சரிந்த எழுத்தில் குறித்திருந்தாள்: தம்பி, மழை, ஒரு நிமிடம்.